பதினான்காம் நம்பரில் எத்தனை குடும்பம்

அத்தியாயம் 11

சென்ற வாரம் உமாபதியைக் கணக்குத் தாள்களோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிறுத்தினோம். விடாமல் படித்து வருகிறவர்கள் இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம்தான் பக்கத்து வீட்டில் பத்திரிகையை இரவல் வாங்கியவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்லியாக வேண்டும்.

மேற்கு ஜெர்மனியில் டோர்ட்மண்டை ஒட்டி வெஸ்டர்பெக் என்று ஒரு சின்ன நகரம். நிலக்கரிச் சுரங்க ஊர். குறைந்த வாடகையில் எத்தனை வீடுகள் வேண்டும் என்று திட்டம் எழுதி மாநில அரசிடம் கொடுத்தாக வேண்டும், அது கட்டாயம். வெஸ்டர்பெக் நகராட்சியில் அதை எழுத இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் முதுகுவலி என்று படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் டாக்டர் ப்ரோக்மன் என்பவருடைய ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்து, நீங்களே முடித்துக் கொடுங்கள் என்றார்கள். அங்கே கணக்கெடுப்புப் பொறுப்பு முழுவதும் நம் உமாபதியின் தலையில். திருச்சிக்காரன், முப்பத்து மூன்று வயது, வேலையில் கெட்டி. திட்டம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மாநிலத் தலைநகரான டுசல்டோர்ஃப் போய்ச் சேர வேண்டும். இன்று வியாழன், 1972 நவம்பர் மாதம்.

உமாபதியின் மனைவி வைதேகிக்கு இது ஐந்தாம் மாதம். சுரங்கக் காலனியில் பதினான்காம் நம்பர் வீட்டின் கூரை அறையில் இருவரும் உள்வாடகைக்கு இருக்கிறார்கள். மேலே ஏறுவதற்கு ஏணிக்கு அண்ணன் முறையான ஒரு மரப்படி. போன மார்ச்சில் அந்தப் படியில் சறுக்கி விழுந்துதான் வைதேகியின் முதல் கரு கலைந்தது. இந்தத் தடவை ஏழாம் மாதத்துக்குள் தரைத்தள வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நகராட்சி கட்டும் புது வீடுகள் ஜனவரியில் தயாராகின்றன. ஆனால் திட்டப் பட்டியலில் தனிக்குடும்பம் என்று பெயர் ஏறினவர்களுக்குத்தான் அங்கே இடம்.

இவ்வளவுதான் பழங்கதை. இனி வியாழக்கிழமை காலை.

மணி ஐந்தே முக்கால். கீழே சமையலறையில் வைதேகி கேஸ் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரி ஃப்ராவ் ஷிமானெக், அதாவது திருமதி ஷிமானெக், சுரங்கத்து கேன்டீன் வேலைக்குக் கிளம்பி வாசல் கதவைச் சாத்திப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஐந்து முதல் ஐந்தே முக்கால் வரை அடுப்பு அவளுக்கு. அதற்கப்புறம் ஏழு வரை வைதேகிக்கு. மாலையிலும் இப்படி ஒரு பங்கீடு உண்டு. இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட இதில் மனஸ்தாபம் வந்ததில்லை.

மேசைமேல் திட்டத்தின் கார்பன் காப்பி இருந்தது. வைதேகி கணிதத்தில் பட்டம் வாங்கியவள். கூட்டலை ஒரு தரம் பார்த்துவிடு என்று உமாபதி இரவே கொடுத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்த்துவிட்டு, யாருக்கும் வரும் ஆசைதானே, தங்கள் வீடு எந்த வரியில் இருக்கிறது என்று தேடினாள்.

கிடைத்தது. படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

உமாபதி டையைக் கட்டிக்கொண்டே இறங்கி வந்தான். "டோட்டல் இடிக்குதா?"

"டோட்டல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. குடும்பம்தான் இடிக்குது. பதினாலாம் நம்பர், ஒரு குடும்பம், மூணு பேர்னு போட்டிருக்கு. நாம ரெண்டு பேர், ஃப்ராவ் ஷிமானெக் ஒருத்தங்க. எப்ப நாம அவங்களோட ஒரே குடும்பம் ஆனோம்?"

"அதுவா. ஒரே அடுப்பு இல்லையா? ரூல் அப்படி. ஒரே அடுப்புல சமைக்கிறவங்க ஒரே குடும்பம்."

"ஒரே அடுப்புதான். ஆனா அவங்க உருளைக்கிழங்கு அவங்களுக்கு, நம்ம சாம்பார் நமக்கு. சேர்ந்தா சமைக்கிறோம்?"

உமாபதி டையை விட்டுவிட்டு மேசைமேல் குனிந்து அந்த வரியைத் தானே படித்தான்.

அந்த விதியை எழுதியவன் அவனேதான். ஜெர்மனிக்கு வருவதற்கு முன் மெட்ராஸில் இரண்டு வருஷம் குடிசைப்பகுதிக் கணக்கெடுப்பில் இருந்தான். அங்கே படித்த பாடம் அது. எத்தனை பேர் ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பை எண்ணு, குடும்பக் கணக்கு வந்துவிடும் என்பார்கள். நம் ஊருக்கு அது சரி. திருச்சி ஸ்டோர் வீட்டில் பன்னிரண்டு குடித்தனம் இருந்தால் பன்னிரண்டு அடுப்பு எரியும். கோபித்துக்கொண்டு தனியாகப் போகிற மருமகள்கூட முதலில் ஒரு ஸ்டவ்தான் வாங்குவாள். ஒரே அடுப்பை இரண்டு குடும்பம் மணி பார்த்துப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நம்மில் யாருக்குத் தோன்றும்? ஆனால் இங்கே காலனி முழுவதும் அப்படித்தான். அவன் மனைவியே அப்படித்தான் இரண்டு வருஷமாகச் சமைக்கிறாள். அவன் சாப்பிட்டான், கவனிக்கவில்லை.

"காலனில இந்த மாதிரி எத்தனை வீடு இருக்கும்?" என்று வைதேகி கேட்டாள்.

"அறுபத்தி ரெண்டு," என்றான். அந்த எண்ணிக்கை அவனுக்கு மனப்பாடம். "அத்தனையிலயும் உள்வாடகைக்கு இருக்கிறவங்களை வீட்டுக்காரங்களோட சேர்த்து ஒண்ணாப் போட்டிருக்கேன். நாமளும் அதுல ஒண்ணு. நம்ம பேர் லிஸ்ட்லயே இல்லை வைதேகி."

வைதேகி விரல் விட்டு எண்ணினாள். ஜனவரி வீடு இல்லையென்றால் ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் அதே படி. அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்குத்தானே கொடுக்கணும்? இன்னிக்கு முழு நாள் இருக்கு. முதல்ல போய் ப்ரோக்மன்கிட்ட சொல்லுங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

டாக்டர் ப்ரோக்மன் அறுபதை நெருங்கும் மனிதர். சிரிப்பைக்கூட யோசித்துத்தான் சிரிப்பார். ஏழரை மணிக்கு உமாபதி அவர் மேசை முன் நின்று எதையும் மறைக்காமல் சொன்னான். தப்பு தன்னுடையது, விதியைத் தானே எழுதினேன், அறுபத்திரண்டு வீடுகளில் குறைந்தது எழுபது குடும்பங்கள் விட்டுப்போயின, அதில் ஒன்று தன்னுடைய குடும்பம். கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடலாம் என்று வழி முழுவதும் ஆசைப்பட்டான். அதையும் சொல்லிவிட்டான்.

ப்ரோக்மன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வேலை போயிற்று, விசாவும் போயிற்று என்று உமாபதி முடிவு கட்டிவிட்டான்.

"அந்த விதியை நானும் படித்தேன். கையெழுத்தும் போட்டேன்," என்றார் ப்ரோக்மன். "யுத்தம் முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறில், என் அம்மாவின் வீட்டில் மூன்று குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்தது. எங்கள் முறை மத்தியானம் இரண்டு மணிக்கு. எனக்கே நினைவு வரவில்லை என்றால் உங்களை மட்டும் என்ன சொல்வது?"

உமாபதி நன்றி என்று சொல்ல ஆரம்பித்தான். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நன்றியெல்லாம் நாளைக்கு. ஐந்து பேர் போகலாம். ஒவ்வொரு வீட்டிலும் புதுப் படிவம். உள்வாடகைக்காரர் தனிக்குடும்பம் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். மாலை ஐந்தரைக்குள் எல்லாம் இங்கே வரட்டும். ஒரு விஷயம். பதினான்காம் நம்பர் பக்கம் நீங்கள் போகக்கூடாது. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே திருத்தினால் நாளைக்கு ஒருவன் கேட்பான். அங்கே நான் போகிறேன்."

அன்றைக்கு வெஸ்டர்பெக் காலனியில் உமாபதி ஏறி இறங்கிய வீடுகள் பதினாறு. பனியும் மழையுமாக ஏதோ ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தோராம் நம்பரில் ஒரே அலமாரியில் இரண்டு உப்பு ஜாடி, இரண்டு சர்க்கரை டப்பா. துருக்கியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் இரண்டு குழந்தைகளோடு பின்னறையில் இருந்தார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதும் அவர் உமாபதியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்களை யாரும் எண்ண வந்ததில்லை. நீங்கள் இரண்டாவது தடவையும் வந்தீர்கள். நன்றி," என்றார்.

விட்டுவிட்டுப் போனவனே நான்தான் ஐயா என்று சொல்ல உமாபதிக்கு நாக்கு வரை வந்தது. தேநீர் கொடுத்தார்கள், குடித்தான். அடுத்த வீட்டிலும் நன்றி சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு யுகோஸ்லாவியப் பெண் அவன் கோட்டுப் பையில் இரண்டு ஆப்பிளைத் திணித்தாள். தப்புச் செய்தவனுக்கு ஊரே நன்றி சொன்னால் அவன் எந்த முகத்தோடு நடப்பான்? தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு ஓரத்தில் வைதேகிக்கு நன்றி சொல்லிக்கொண்டான். அவள் அந்த ஒரு வரியைத் தேடியிராவிட்டால் இவர்கள் எல்லாரும் அப்படியே போயிருப்பார்கள்.

பதினான்காம் நம்பருக்கு ப்ரோக்மன் மூன்று மணிக்கு வந்தார். ஃப்ராவ் ஷிமானெக் வேலை முடிந்து அப்போதுதான் காலணியைக் கழற்றியிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. சுரங்க விபத்தில் கணவன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. கேன்டீனில் நூற்றைம்பது பேருக்குக் கரண்டி பிடிக்கும் கை, பேச்சும் அதற்கு ஏற்ற மாதிரி கனமாக இருக்கும்.

வைதேகி அடுப்படியில் நின்றாள். ப்ரோக்மன் வந்த காரியத்தைச் சொல்லிப் படிவத்தை நீட்டினார். ஃப்ராவ் ஷிமானெக் அதை வாங்கவில்லை.

"தனிக்குடும்பமா? யார் சொன்னது?"

"சட்டம் சொல்கிறது. இவர்கள் தனியாகச் சமைக்கிறார்கள், தனியாகச் செலவு செய்கிறார்கள்."

"எனக்குச் சளி பிடிச்சா மிளகு சூப் வெச்சுத் தர்றது யார்? சட்டமா? ஞாயித்துக்கிழமை இவ என் அப்பம் சாப்பிடறா, நான் இவ சோறு சாப்பிடறேன். ஒரே வீடுன்னு முதல்ல எழுதினது சரிதான். நான் கையெழுத்துப் போடறதா இல்லை."

ப்ரோக்மன் வைதேகியைப் பார்த்தார். வைதேகி தரையைப் பார்த்தாள். அவர் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஐந்தரை வரை அலுவலகத்தில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சமையலறையில் அவர்கள் இருவரும்தான். வைதேகியின் ஜெர்மன் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வரும். இன்றைக்கு இன்னும் கூடத் தடுமாறியது.

"ஃப்ராவ் ஷிமானெக், உங்களுக்கு வருத்தமா இருக்குன்னு தெரியுது."

"எனக்கென்ன வருத்தம்? உள்வாடகைக்கு ஆள் போனா ஆள் வரும்."

"போன மார்ச்சுல நான் படிக்குக் கீழ கிடந்தேன். இவர் ஊர்ல இல்லை. நீங்கதான் என்னைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் கார்ல போட்டீங்க. ஆஸ்பத்திரியில நாலு நாள் என் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. எங்க அம்மாவுக்கு லெட்டர் போய்ச் சேரவே பத்து நாள் ஆச்சு. அதுக்குள்ள நீங்க எனக்குத் தலை வாரி விட்டுட்டீங்க."

"அதை எதுக்கு இப்ப இழுக்கறே?"

"நான் உங்களுக்கு நன்றின்னு சரியாச் சொன்னதே இல்லை. இப்ப சொல்றேன். இங்கேயிருந்து போகணும்னு எனக்கு ஆசை இல்லை. அந்தப் படியில இன்னொரு தடவை விழுந்துடக்கூடாதுன்னு பயம். அவ்வளவுதான்."

ஃப்ராவ் ஷிமானெக் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோலைச் சீவினாள். இன்னொன்றை எடுத்தாள். வைதேகி அதற்குமேல் கெஞ்சவில்லை. கெஞ்சினால் கையெழுத்து கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. மெதுவாகப் படியேறித் தன் அறைக்குப் போனாள்.

நாலே முக்காலுக்குக் கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். ஃப்ராவ் ஷிமானெக் மாதாகோவிலுக்குப் போகும் தொப்பியை அணிந்துகொண்டு, கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி ட்ராம் நிறுத்தம் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மேசைமேல் படிவம் இல்லை.

வைதேகி கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். காலையில் தள்ளிப்போட்ட அழுகைதான். ஆனால் காலையில் அழுதிருந்தால் பயத்தில் அழுதிருப்பாள். இது வேறு. பெற்ற தாய் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போது யாரோ ஒருத்தி மழையில் தொப்பி போட்டுக்கொண்டு தனக்காகப் போகிறாளே என்று அழுதாள்.

அலுவலகத்தில் ஐந்தரைக்கு அறுபத்திரண்டு படிவங்களும் வந்துவிட்டன. ஃப்ராவ் ஷிமானெக் ஒட்டிய உறையாக ப்ரோக்மன் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிட்டாள் என்று டைப்பிஸ்ட் சொன்னாள். உமாபதிக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. எழுபத்தொரு குடும்பங்கள் கூடுதலாக வந்திருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு நானூற்று எண்பத்து மூன்று ஆயிற்று. புது அட்டவணையை டைப்பிஸ்ட் வேகமாக அடிக்க ஆரம்பித்தாள்.

ஆறே காலுக்கு ப்ரோக்மன் உமாபதியைக் கூப்பிட்டார். அவர் கையில் பதினான்காம் நம்பர் படிவம் இருந்தது.

"இதைப் படியுங்கள்."

கையெழுத்து இருந்தது. தனிக்குடும்பமா என்ற கேள்விக்கு ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தது. அதற்குக் கீழே, உள்வாடகைக்காரர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு வரி. மற்ற அறுபத்தொரு படிவங்களிலும் அந்த இடத்தில் ஒரு கோடு. இதில் கொட்டை எழுத்தில், மையால், மகள் என்று எழுதியிருந்தது.

உமாபதி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பின்பக்கம் திருப்புங்கள்," என்றார் ப்ரோக்மன்.

பின்பக்கத்தில் எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் மாநில அரசின் குறிப்பு. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே சமையலறையைப் பயன்படுத்தினால் ஒரே குடும்பமாகவே கொள்ளப்படும்.

"இப்படியே போனால் உங்கள் வரியை டுசல்டோர்ஃபில் அடித்துவிடுவார்கள். திருத்துவதற்கு ஒரே வழி. உங்கள் மனைவி உறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரியும் கூடவே போட வேண்டும். டைப் அடிக்கச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்கு நான் காரில் உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறேன். தாள் கையெழுத்தோடு இருந்தால் வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் பதினான்காம் நம்பரை நானே எடுத்துவிட வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு நடக்கும்போது உமாபதியின் மனசில் ஒரு கேள்வி முளைத்தது. அந்தப் பின்பக்கத்தை அவள் படித்திருப்பாளோ? தெரிந்தே எழுதியிருப்பாளோ? அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டான். வைதேகியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். நான்கு நாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள். சேச்சே என்று தலையை உதறிக்கொண்டு நடந்தான்.

ஏழு மணிக்கு அவன் சமையலறைக்குள் நுழைந்தபோது வைதேகி ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். ஃப்ராவ் ஷிமானெக் மேசையில் தொப்பியைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். உமாபதி மனைவியைத் தனியே கூப்பிட நினைத்தான். பிறகு இதில் தனியே என்ன இருக்கிறது என்று தாளை மேசைமேல் வைத்தான். விஷயத்தைத் தமிழில் ஒரு தரமும் ஜெர்மனில் ஒரு தரமும் சொன்னான்.

வைதேகி தாளைப் படித்தாள். நான் ஃப்ராவ் ஷிமானெக்கின் மகளும் அல்ல, உறவினரும் அல்ல. இரண்டே வரி.

"மகள்னா எழுதினாங்க?" என்றாள். தாளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மகள்னு எழுதினீங்களா?"

ஃப்ராவ் ஷிமானெக் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன உறவுன்னு கேட்டிருந்தது. எனக்கு வந்ததை எழுதினேன். எழுதும்போது சத்தியமா வேற எண்ணம் இல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "ட்ராம்ல உக்காந்தப்புறம் பின்பக்கத்தைப் படிச்சேன்."

தலையைக் குனிந்துகொண்டு அவளே மேலே சொன்னாள்.

"படிச்சேன். புரிஞ்சது. இப்படி இருந்தா உங்களுக்கு வீடு கிடைக்காதுன்னு புரிஞ்சது. பேனா பைக்குள்ளயேதான் இருந்தது. ஆறு ஸ்டாப் இருக்கு, நிதானமா அடிச்சிட்டு எழுதியிருக்கலாம். எழுதலை. உறையை ஒட்டிக் கொடுத்துட்டு வந்துட்டேன். வந்ததுல இருந்து உன் முகத்தைப் பார்க்க முடியலை."

உமாபதி சுவரில் சாய்ந்தான். வழியில் வந்த சந்தேகம் சரிதான். ஆனால் சரியாகிப்போனதில் அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாளின் பெரிய கைகள் மடியில் இருந்த தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது.

வைதேகி நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இன்னிக்கு மத்தியானம் நீ நன்றி சொன்னே பாரு. அதை வாங்கிட்டு எப்படி நான் சும்மா இருக்க? கோபம் வருதில்லை? கோபப்படு."

"கோபப்பட எனக்கு வேற மனசு வேணும். இருக்கற மனசுக்கு அது வரலை."

"அப்ப கையெழுத்துப் போடு." ஃப்ராவ் ஷிமானெக்கின் குரல் பழையபடி கேன்டீன் குரலாக மாறியது. ஆனால் பாதியிலேயே உடைந்தது. "காலைல நீ அந்தப் படியில இறங்கறப்ப நான் வேலைக்குப் போயிருக்கேன்னு நினைக்கறியா? வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் போறேன். தினமும் எண்ணறேன். பதினேழு படி. பதினேழாவது சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு மூச்சு வர்றதில்லை. இதெல்லாம் தெரிஞ்சும் ட்ராம்ல அப்படிப் பண்ணிட்டேன். போடு பொண்ணே."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, வீட்டுக்காரி என்று இருந்த இடத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் தாளையும் பேனாவையும் வைதேகியின் பக்கம் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

வைதேகி பேனாவை எடுத்தாள். மகளும் அல்ல என்று இருந்த வரியைப் பார்த்தாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தாள்தான் வீடு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துக்கொண்டே அந்த வரிக்குக் கீழே பெயர் எழுதக் கை எழவில்லை. பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"வைதேகி, காலைல ஏழு மணிக்கு அவர் வந்துடுவார்," என்றான் உமாபதி மெதுவாக.

"வரட்டும்ங்க. இவங்க இன்னும் சாப்பிடலை."

அவள் எழுந்து போய் மூன்று தட்டு எடுத்து வந்தாள்.